வலி சொல்லாத செய்தி

நுழையும்முன்

உடலில் ஒரு கேடு நேரும்போது அதனை முதலில் அறிவிப்பது வலி. முள் தைத்த காலும் சுடுபட்ட விரலும் நொடிப்பொழுதில் மனிதரை எச்சரிக்கின்றன. நீரிழிவு நோயோ அந்த அறிவிப்பாளனையே ஊமையாக்கிவிடும் இயல்புடையது. இதயத்தின் இரத்தக்குழாய்கள் மெல்ல மெல்ல அடைபட்டு வந்தாலும் நீரிழிவாளர் சிலர் அதனை உணர்வதே இல்லை. உணராத ஒன்றை எவ்வாறு அறிவது? எவரிடம் தேடுவது? எந்த அளவுக்குத் தேடுவது? நாஞ்சில் நாட்டு வாழ்வியலோடு இயைத்து இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

பெயரும் நோயும்

தமிழ் மருத்துவ மரபு இந்நோயை நீரிழிவு என்றும் மதுமேகம் என்றும் வழங்கியது. இழிதல் என்பது இறங்கி ஓடுதல். சிறுநீர் மிகுதியாகக் கழிவதைச் சுட்டுவது முதற்பெயர். அந்நீரின் இனிப்புத்தன்மையைச் சுட்டுவது மற்றொரு பெயர். மேலைநாட்டு மருத்துவம் வழங்கும் 'டயாபடீஸ் மெல்லிடஸ்' என்னும் தொடரும் இவ்வாறே அமைந்துள்ளது. ஊடாகப் பாய்ந்து செல்லுதல் என்பது அதன் கிரேக்கப் பகுதியின் பொருள். தேன்போல் இனிப்பது என்பது இலத்தீன் பகுதியின் பொருள். வெவ்வேறு நிலங்களில் வளர்ந்த மருத்துவ மரபுகள் கண்ணுக்குப் புலனான ஒரே அறிகுறியைக் கொண்டு இந்நோய்க்குப் பெயரிட்டுள்ளன.

ஆனால், நீரிழிவு விளைவிக்கும் பெருங்கேடு பெயரில் இடம்பெறவில்லை. நீரிழிவாளர்களின் இறப்புக்கு முதன்மைக் காரணம் இதயநோயும் இரத்தக்குழாய் நோயுமே ஆகும். முன்னோர் இதனைப் பெயரில் குறிக்காமைக்கு வரலாற்றுக் காரணம் ஒன்றுண்டு. 1921ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. 1922 சனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்கு முன்னர்க் கடுமையான நீரிழிவுக்கு ஆளானோர் விரைவில் மயக்கமுற்று மாண்டனர். அவர்களது இதயம் நோயுறுவதற்குக் காலமே வாய்க்கவில்லை. இன்சுலின் அவர்தம் வாழ்நாளை நீட்டித்தது. நீண்ட வாழ்நாளில் இதயநோய் தலைகாட்டத் தொடங்கியது.

1948ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிக்கத்தக்கது. அமெரிக்காவின் பிரேமிங்காம் என்னும் சிற்றூரில் மக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து இதயநோயின் காரணங்களை அறியும் ஆய்வு அவ்வாண்டில் தொடங்கியது. உயர் இரத்த அழுத்தம், மிகு கொழுப்பு, புகைபிடித்தல் ஆகியவற்றோடு நீரிழிவும் இதயநோய்க்கு வழிகோலுகிறது என்பதை அவ்வாய்வு நிறுவியது. அதே 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மருத்துவர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு ஒன்றைத் தொடங்கினார். தமிழகத்தில் நீரிழிவு மருத்துவம் தனித்துறையாக வளர அது வித்திட்டது.

வலி ஏன் மறைகிறது?

இதயம் உடல் முழுமைக்கும் இரத்தத்தைச் செலுத்துகிறது. அதன் தசைகளுக்கும் இரத்தம் வேண்டும். அதனைக் கொண்டு சேர்ப்பவை இதயத்தின் மேற்பரப்பில் படர்ந்துள்ள இதயத்தமனிகள். இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் இத்தமனிகளின் மென்மையான உட்படலம் பழுதுறும். பழுதுற்ற இடத்தில் கொழுப்பு படிந்து திட்டாக வளரும். வாய்க்காலில் வண்டல் படிந்து நீரோட்டம் குன்றுவதுபோல இரத்தவோட்டம் குன்றும். கொழுப்புத்திட்டு வெடிக்குமானால் அவ்விடத்தில் இரத்தம் உறைந்து குழாய் முற்றிலும் அடைபடும். அதுவே மாரடைப்பு.

இதயத்தமனி சுருங்கியவர் மேடேறும்போதோ சுமை தூக்கும்போதோ நெஞ்சில் இறுக்கத்தை உணர்வது பொதுவியல்பு. அவ்வலியை மூளைக்குக் கொண்டு செல்வன நரம்புகள். நீரிழிவு நரம்புகளையும் தாக்குகிறது. காலின் நரம்பு பழுதுற்றவர் செருப்புக்குள் கிடக்கும் கல்லை அறியாமல் நடந்து புண்படுகிறார். இதயத்தின் நரம்பு பழுதுற்றவர் இதயத்தசை இரத்தமின்றித் தவிப்பதை அறியாமல் வாழ்கிறார். சிலர்க்கு மாரடைப்பே வலியின்றி வந்துபோவதும் உண்டு. பின்னொரு நாள் வேறு காரணத்துக்காக எடுக்கப்படும் இதய மின்வரைபடம் அந்தப் பழைய வடுவைக் காட்டும்.

வலி முற்றிலும் இல்லாதபோதும் வேறு குறிப்புகள் தோன்றலாம். வழக்கமாக ஏறும் படிகளில் மூச்சு வாங்குதல், காரணமற்ற வியர்வை, இயல்புக்கு மாறான களைப்பு, மேல்வயிற்றில் அழுத்தம், தாடையிலோ இடக்கையிலோ தோன்றும் இனம்புரியாத வலி ஆகியன அவை. நம் ஊர்களில் இவற்றை வாயுத்தொல்லை என்று கருதிச் சோடாவும் இஞ்சிச்சாறும் பருகிவிட்டுப் படுத்துக்கொள்வோர் பலர். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசை மடிகிறது. அவ்வாறு படுத்துக் கழிக்கும் ஒரு மணிநேரம் திரும்பப் பெறவியலாதது.

சென்னை ஆய்வு காட்டிய கணக்கு

நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் உள்ள உறவைத் தமிழ் மண்ணிலேயே அளந்து காட்டிய ஆய்வு ஒன்றுண்டு. சென்னை நகர மக்கள்தொகை ஆய்வு எனப்படும் அதனை மருத்துவர் வி. மோகன் தலைமையிலான குழுவினர் மேற்கொண்டனர். சென்னையின் இரண்டு குடியிருப்புப் பகுதிகளில் இருபது வயதுக்கு மேற்பட்டோரிடம் அது நிகழ்த்தப்பட்டது. 2001இல் வெளியான அதன் முடிவுகளின்படி, சர்க்கரை அளவு இயல்பாக இருந்தோரில் 9.1 விழுக்காட்டினர்க்கு இதயத்தமனி நோய் இருந்தது. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தோரிடம் அது 14.9 விழுக்காடு. நீரிழிவாளரிடம் அது 21.4 விழுக்காடு.

இவ்வெண்களைக் கூர்ந்து நோக்கினால் இரண்டு உண்மைகள் புலப்படும். நீரிழிவாளரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்க்கு இதயநோய் இருந்தது என்பது ஒன்று. நீரிழிவு என்று பெயர் சூட்டப்படுவதற்கு முன்னரே, சர்க்கரை சற்றே உயர்ந்த நிலையிலேயே இடர் ஏறத் தொடங்கிவிட்டது என்பது மற்றொன்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நிகழ்ந்த பேராய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவாளர் என்று அது கணித்தது. தமிழ்நாட்டில் நீரிழிவாளர் 14.4 விழுக்காடு, அண்டை மாநிலமான கேரளத்தில் 25.5 விழுக்காடு. இதனோடு இணைத்து எண்ணத்தக்க செய்தி மற்றொன்று. 52 நாடுகளில் நிகழ்ந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வில் தெற்காசியர்க்கு முதல் மாரடைப்பு வந்த நடுவயது 53 ஆகவும் பிற நாட்டவர்க்கு ஏறத்தாழ 59 ஆகவும் இருந்தது. உழைத்துக் குடும்பம் காக்கும் பருவத்திலேயே தெற்காசியரை இந்நோய் தாக்குகிறது.

நாஞ்சில் நாட்டு வாழ்வும் மாற்றமும்

1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டுடன் இணைந்த கன்னியாகுமரி மாவட்டம் கல்வியில் முன்னணியில் நிற்பது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அதன் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, மாநிலத்தின் மாவட்டங்களுள் அதுவே மிகுதி. நவீன மருத்துவமும் இங்கு நெடுங்காலத்துக்கு முன்பே வேரூன்றியது. நெய்யூரில் 1838இலேயே மருத்துவப்பணி தொடங்கியது. எவரெஸ்டு சிகரப் பயணங்களில் பங்கேற்ற அறுவை மருத்துவர் ஹோவர்டு சாமர்வெல் பின்னாளில் அங்குப் பல்லாண்டுகள் பணியாற்றினார். இன்று ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது.

எழுத்தறிவும் மருத்துவமனையும் இருப்பதனால் மட்டும் மறைந்துள்ள நோய் வெளிப்பட்டுவிடுவதில்லை. தோவாளை, அகத்தீசுவரம் பகுதிகளைக் கொண்ட நாஞ்சில் நாடு ஒருகாலத்தில் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாகத் திகழ்ந்தது. வயலில் இறங்கி உழைத்தோரும் பனையேறியோரும் மிகுதியாக மாவுப்பொருளை உண்டனர். உண்டதனை உழைப்பில் செலவிட்டனர். மேற்குப் பகுதியில் மரச்சீனிக்கிழங்கு ஏழை எளியோரின் பசி தீர்த்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அப்பயிரைப் பரப்பினார் என்பது வரலாறு. இன்று வயல்கள் பல வாழைத்தோட்டங்களாகவும் வீட்டுமனைகளாகவும் மாறிவிட்டன. உழைப்பு குறைந்தது; உணவுமுறை அவ்வளவாக மாறவில்லை. மூன்று வேளையும் சோறு, புட்டு, கிழங்கு என மாவுப்பொருளே தட்டை நிறைக்கிறது. அவற்றோடு நேந்திரங்காய் வறுவலும் அடுமனைத் தின்பண்டங்களும் சேர்ந்துகொண்டன.

இதனால் பழைய உணவு தீயது என்று கொள்ளலாகாது. கடல்மீனும் அவியலும் கீரையும் பயறும் நாஞ்சில் நாட்டுச் சமையலின் செல்வங்கள். தட்டில் சோற்றின் பங்கு குறைந்து இவற்றின் பங்கு கூடுவதே வேண்டுவது. கருப்பட்டியும் சர்க்கரையே என்பதையும் நீரிழிவாளர் மறத்தலாகாது. வெள்ளைச் சர்க்கரையை விலக்கிவிட்டுக் கருப்பட்டிக் காப்பியை அளவின்றிப் பருகுவோர் பலர். இரத்தத்தில் ஏறும் சர்க்கரைக்கு நிறவேற்றுமை இல்லை.

இடரை அளக்கும் முறை

மறைந்துள்ள இடரைத் தேடுவதற்குத் தொடக்கத்திலேயே விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. வயது, பால், புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு, நீரிழிவு உண்டா இல்லையா ஆகிய செய்திகளே அடிப்படை. உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் புதுப்பித்த இடர் அட்டவணை இச்செய்திகளைக் கொண்டு, அடுத்த பத்தாண்டுகளில் ஒருவர்க்கு மாரடைப்போ பக்கவாதமோ நேரும் வாய்ப்பைக் கணிக்கிறது. பச்சை நிறக் கட்டம் குறைந்த இடரையும் சிவப்பு நிறக் கட்டம் மிகுந்த இடரையும் குறிக்கும். தெற்காசியர்க்கெனத் தனி அட்டவணையும் உண்டு. எடுத்துக்காட்டாக, ஒரே வயதினரான இருவரை எண்ணிப்பார்க்கலாம். இருவர்க்கும் சர்க்கரை அளவு ஒன்றே. ஒருவர் புகைபிடிப்பவர், அவரது இரத்த அழுத்தமும் உயர்ந்துள்ளது. மற்றவர்க்கு அவ்விரண்டும் இல்லை. சர்க்கரைச் சோதனைத் தாள் இருவரையும் ஒரே நிலையினராகக் காட்டும். அட்டவணையோ இருவரையும் வெவ்வேறு நிறக் கட்டங்களில் நிறுத்தும்.

இவற்றோடு வேறு சில எளிய சோதனைகளும் துணைபுரிகின்றன. சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் கசிகிறதா என்று அறிவது அவற்றுள் முதன்மையானது. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராம் அளவை ஆல்புமின் எட்டினாலோ மிஞ்சினாலோ அது சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் பழுதுறுவதைக் காட்டும். உடலின் ஓரிடத்தில் குழாய் பழுதுற்றால் இதயத்திலும் அவ்வாறு நேர்ந்திருக்கக் கூடும் என்பதால் இதனை இதயத்தின் சாளரம் எனலாம். கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துக் கிடைக்கும் எண் 0.9க்குக் கீழிருந்தால் கால் தமனிகள் சுருங்கியுள்ளன என்பது பொருள். அதுவும் இதயத்தைப் பற்றிய எச்சரிக்கையே.

ஓய்வுநிலையில் எடுக்கப்படும் இதய மின்வரைபடம் பழைய மாரடைப்பின் தடத்தையும் துடிப்பின் பிறழ்ச்சியையும் காட்டவல்லது. ஆயினும் அது இயல்பாக இருப்பதொன்றே இதயம் நலமாக உள்ளது என்பதற்கு உறுதியாகாது. தமனி பெருமளவு சுருங்கியிருந்தும் ஓய்வில் வரைபடம் மாறாதிருத்தல் உண்டு. ஐயமுள்ளோர்க்கு ஓடுபட்டைச் சோதனை, மீயொலி இதய வரைவு முதலியவற்றை மருத்துவர் பரிந்துரைப்பர்.

தெரிந்து தெளிவோம்

நீரிழிவாளர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அறிந்துகொள்ள வேண்டியவை:
• மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (இதனை ஆண்டுக்கு இருமுறையேனும் அறிதல் நன்று)
• இரத்த அழுத்தம் (ஒவ்வொரு மருத்துவச் சந்திப்பிலும்)
• இரத்தக் கொழுப்பின் வகைகளும் அளவுகளும்
• சிறுநீரில் ஆல்புமின் கசிவு
• கண்ணின் விழித்திரை நிலை
• பாதங்களின் உணர்ச்சியும் நாடித்துடிப்பும்

எல்லார்க்கும் எல்லாச் சோதனையும் வேண்டுமா?

நோய் மறைந்திருக்குமாயின் நீரிழிவாளர் அனைவரையும் உயர்நிலைக் கருவிகளால் சோதித்துவிடுவதே முறை என்று தோன்றலாம். இக்கருத்து உண்மையா என்பதை அமெரிக்காவிலும் கனடாவிலும் நிகழ்ந்த 'டயாட்' என்னும் ஆய்வு சோதித்தது. இதயநோய்க்கான அறிகுறி எதுவுமற்ற 1,123 நீரிழிவாளர் அதில் பங்கேற்றனர். ஒரு பாதியினர்க்குக் கதிரியக்க மருந்தைச் செலுத்தி இதயத்தின் இரத்தவோட்டம் படமெடுக்கப்பட்டது. மறுபாதியினர்க்கு அச்சோதனை செய்யப்படவில்லை. படமெடுக்கப்பட்டோரில் ஐவரில் ஒருவர்க்கு மேல் மறைந்த குறைபாடு காணப்பட்டது. எனினும் 2009இல் வெளியான முடிவு வியப்பளித்தது. ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் மாரடைப்போ இதயநோய் இறப்போ நேர்ந்தோர், சோதிக்கப்பட்ட பிரிவில் 2.7 விழுக்காடு, சோதிக்கப்படாத பிரிவில் 3.0 விழுக்காடு. இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடில்லை.

காரணம் யாது? இரு பிரிவினரும் கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கு நல்ல மருத்துவம் பெற்று வந்தனர். அவர்களைக் காத்தது படமன்று. நாள்தோறும் தவறாமல் பெற்ற மருத்துவமே. எனவே அறிகுறியற்ற அனைவர்க்கும் செலவுமிக்க படச்சோதனை தேவையில்லை என்பதே இன்றைய மருத்துவ உலகின் பொதுக்கருத்து. இடரை முதலில் எளிய முறையில் மதிப்பிடுதல், மிகுந்த இடருடையோரையும் அறிகுறியுடையோரையும் மட்டும் மேற்சோதனைக்கு அனுப்புதல், அனைவர்க்கும் அடிப்படை மருத்துவத்தைத் தவறாது அளித்தல் என்பதே நெறி. ஏழைக் குடும்பம் ஒன்று கடன்பட்டுச் செய்யும் தேவையற்ற சோதனை, பின்னர் மாத்திரை வாங்கும் பணத்தையும் விழுங்கிவிடக் கூடும்.

வீடு தேடி வரும் மருத்துவம்

நோயாளி மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திருந்தால், வலியற்ற நோயுடையவர் வரவே மாட்டார். இதனை உணர்ந்து தமிழ்நாடு அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தை 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளக்கின்றனர். தொடர் மருந்துகளையும் இல்லத்திலேயே வழங்குகின்றனர். இத்திட்டம் 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் பணிக்குழு வழங்கும் விருதைப் பெற்றது.

2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம் இதன் அடுத்த படி. நெஞ்சுவலியோடு ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கோ துணைச் சுகாதார நிலையத்துக்கோ வருவோர்க்குப் பதினான்கு மாத்திரைகள் உடனடியாக அளிக்கப்படுகின்றன. ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோகிரெல் நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு என்பது அவற்றின் கணக்கு. முன்னிரண்டும் இரத்தம் மேலும் உறைவதைத் தடுக்கும். பின்னது கொழுப்புத்திட்டு நிலைகுலையாமல் காக்கத் துணைபுரியும். பெரிய மருத்துவமனையை அடையும்வரை உயிரைக் காப்பதே இதன் நோக்கம். மாத்திரைகளை மருத்துவப் பணியாளரின் கணிப்பின்படியே உட்கொள்ளல் வேண்டும்.

குமரி மாவட்டத்தில் இப்பணிக்குத் தனித்தன்மையான இடர்ப்பாடுகள் உண்டு. தூத்தூர் முதலிய கடற்கரையூர்களின் மீனவர் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குகின்றனர். மேற்குமலையோரத்தில் இரப்பர்ப்பால் வடிப்போர் விடியுமுன்னரே தோட்டத்துக்குச் சென்றுவிடுகின்றனர். பகலில் வீட்டுக்கு வரும் தன்னார்வலரை இவர்கள் சந்திப்பது அரிது. கரைதிரும்பும் நாளில் மீன்பிடித் துறைமுகத்திலும், பால் ஒப்படைக்கும் வேளையில் தோட்டத்திலும் சோதனை நிகழுமாயின் இவர்களும் பயன்பெறுவர். கடலுக்குச் செல்லும் நீரிழிவாளர் பயண நாள்களுக்குப் போதுமான மருந்தை உணவுப்பொருள்களோடு சேர்த்தே எடுத்துச் செல்லல் வேண்டும்.

அறிந்தபின் செய்யவேண்டியது

இடரை அறிவது முதற்படி மட்டுமே. அறிந்தும் ஒன்றும் செய்யாவிடில் சோதனையால் பயனில்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தை இதயநோய் இல்லாத நீரிழிவாளர்க்கு அளித்துப் பார்த்த ஆய்வு ஒன்றின் முடிவு 2004இல் வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெருநிகழ்வுகள் அவர்களிடம் 37 விழுக்காடு குறைந்தன. டென்மார்க்கில் சிறுநீரில் ஆல்புமின் கசிந்த 160 நீரிழிவாளரிடம் நிகழ்ந்த மற்றோர் ஆய்வு 2003இல் வெளியானது. உணவு, உடற்பயிற்சி, புகை விலக்கல், சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகிய அனைத்தையும் ஒருங்கே கவனித்தபோது இதயநோய் நிகழ்வுகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடலாகாது என்பதற்கு இவ்வாய்வு சான்று.

'சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இனி மாத்திரை எதற்கு?' என்று நிறுத்திவிடுவோர் ஊர்தோறும் உள்ளனர். அளவு கட்டுக்குள் இருப்பது மாத்திரையின் பயனாகவே இருக்கலாம். கரையை உடைத்தபின் குளத்தில் நீர் நிற்குமா? மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் பொறுப்பு. அதனை இடைவிடாது உட்கொள்வது நோயாளியின் பொறுப்பு. அதற்குத் துணைநிற்பது குடும்பத்தின் பொறுப்பு.

இக்கடைசிப் பொறுப்பில் மாணவர்க்கும் பங்குண்டு. தாத்தா பாட்டியின் சோதனைத் தாள்களைத் தேதிவாரியாகக் கோத்து வைத்தல், மாத்திரை தீரும் நாளைக் குறித்து நினைவூட்டல், மாலையில் அவர்களோடு நடந்துசெல்லல் ஆகியன பதினொன்றாம் வகுப்பு மாணவர் எளிதில் செய்யத்தக்கவை. மூச்சுவாங்கலும் வியர்வையும் மேல்வயிற்று அழுத்தமும் திடீரெனத் தோன்றினால் 'வாயுவாக இருக்கும்' என்று ஆறுதல் கூறாமல் 108 அவசர ஊர்தியை அழைக்கும் தெளிவும் அவர்களிடம் எதிர்பார்க்கத்தக்கதே.

அவ்வுதவி பெரியவர்க்கு மட்டும் பயன்படுவதன்று. நீரிழிவுள்ள குடும்பத்தில் பிறந்தோர்க்கும் அந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நிகழ்ந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தோர் நடையையும் உணவையும் சீர்செய்ததால் நோய்வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. பாட்டியோடு நடக்கும் பேரனின் கால்கள் பாட்டியின் இதயத்தோடு தன் இதயத்தையும் சேர்த்தே காக்கின்றன.